சுவருக்குப் பின்னால் விற்ற பொம்மைகள்

பள்ளிக்கூடத்து வாசலில் பாக்கெட் தின்பண்டமும் கலர் பானமும் விற்கக் கூடாது என்று மறுபடியும் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். சத்துணவுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "மேடம், உங்க காலத்துலயும் இந்த ரூல் இருந்துச்சாமே, எப்படி அமல்படுத்துனீங்க? சங்க மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார்கள். அமல்படுத்தினேன், பெண்களே. பிரமாதமாக அமல்படுத்தினேன். வாசலில் ஒரு ஈ இல்லாமல் செய்தேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கிராம சேவிகா பயிற்சிக்குப் போய், சமையலில் சத்து, குழந்தைக்கு எடை, கிணற்றுக்குக் குளோரின் என்று எல்லாம் மனப்பாடம் செய்து, விருத்தாசலம் ஊராட்சி ஒன்றியத்தில் வந்து இறங்கினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அங்கே கற்றதில் உபயோகப்பட்டது சைக்கிள் ஓட்டியது மட்டும்தான். பெண்பிள்ளை சைக்கிளில் போவதைப் பார்க்கக் கடைவீதியில் ஆட்கள் டீ கிளாஸோடு வெளியே வருவார்கள். நான் மணியை வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை அடிப்பேன்.

எனக்கு மேலே முக்கிய சேவிகா ஆரோக்கியமேரி அம்மா. ஐம்பதை நெருங்கியவர், உயரம், ஒல்லி. கறுப்புக் குடையை வெயிலில் விரிக்க மாட்டார், ஊன்றிக்கொள்வார். பள்ளிக்கூடங்களில் அவருக்கு நாற்காலி போடுவார்கள். ஒரு நாளும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக்கூட "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பார். கோபம் வந்தால் குரல் இறங்கும். மிகவும் கோபம் வந்தால் உதடு மட்டும் அசையும், பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும். மதிய உணவைச் சோதிக்க எல்லோரும் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுப்பார்கள். அவர் கடைசி வரிசையில் கடைசிக் குழந்தையின் தட்டிலிருந்து ஒரு விரலளவு எடுத்து வாயில் வைப்பார். "அண்டாவுல இருக்கறது சமையல்காரம்மாவோட பேரு. தட்டுல இருக்கறதுதான் சாப்பாடு" என்பார்.

விதிகளை அவர் படிக்கும் விதமே தனி. சுற்றறிக்கை வந்தால் என்னை நிற்க வைத்து ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படிக்கச் சொல்வார். நான் அவசரக்காரி, வரியைத் தாவுவேன். "சுலோச்சனா, அந்தச் சொல்ல விட்டுட்டீங்க. அதுக்குள்ள ஒரு ஆளு நிக்கறான்" என்று நிறுத்துவார்.

அந்த வருஷத்துச் சுற்றறிக்கை சுருக்கமானது. மதிய உணவு பரிமாறும் நேரத்தில் பள்ளி எல்லையை ஒட்டித் தின்பண்டமோ பானமோ விற்கலாகாது. மீறினால் சரக்கைப் பறிமுதல் செய்து, ஆளை எச்சரித்து விரட்டலாம். பள்ளி உணவைச் சுவருக்கு வெளியே யாருக்கும் கொடுக்கும் மாணவரின் பெயர் உணவுப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஆனால் தின்பண்டம் விற்பவர் ஆசை காட்டி அந்த உணவை வாங்கியிருந்தால் குற்றம் விற்பவருடையது. மாணவர் மீது நடவடிக்கை கூடாது. இவ்வளவுதான்.

எனக்கு இதைப் படித்ததும் கை பரபரத்தது. என் வட்டத்தில் இருந்த பெரிய ஆரம்பப் பள்ளி, பீங்கான் சூளைகளுக்கும் மணிமுத்தாற்றுக்கும் நடுவில் இருந்தது. மேல்காற்று வீசினால் அந்தப் பக்கத்து வேப்பமரங்கள் எல்லாம் வெள்ளைத் தூசி படிந்து நிற்கும். ஷெட்டு வாசல்களில் பலகை போட்டுப் பொம்மைகளைக் காய வைத்திருப்பார்கள். சாயம் பூசாத, கண் வைக்காத வெள்ளைப் பொம்மைகள் வரிசையாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கும். புதிதாக வந்தவளுக்கு அந்த வரிசையைத் தாண்டிச் சைக்கிளில் போக முதுகு கூசும். ஊர்க்காரர்கள் கவனிக்கவே மாட்டார்கள்.

பள்ளி வாசலில் அப்போது ஒரு சந்தையே நடக்கும். இலந்தை வடை, கமர்கட்டு, சவ்வுமிட்டாய், உப்பில் ஊறிய நெல்லிக்காய், கோலி சோடா. எல்லோருக்கும் தலைவன் மாதிரி ஐஸ்காரர் மன்னார், மரப்பெட்டி கட்டிய சைக்கிளோடு.

"மன்னாரு, நாளையிலேர்ந்து பன்னெண்டு மணிக்கு மேல இங்க நிக்கக் கூடாது" என்றேன்.

"ஏம்மா, நான் நின்னா வெயிலு அதிகமாயிடுதா?"

"பிள்ளைங்க சாப்பாட்டைக் கொட்டிட்டு உன் ஐஸைத் தின்னுதுங்க. அதுல என்ன தண்ணி ஊத்தறே?"

"ஆத்துத் தண்ணி. மேல இருக்கற பெருமாளும் கீழ இருக்கற ஈஸ்வரனும் குளிக்கற தண்ணி. உங்க மஞ்சா மாவு உப்புமாவத் துன்னு பாருங்க, நீங்களே வந்து என்னாண்ட ஐஸு கேப்பீங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த அந்த மஞ்சள் சோள மாவில் கிண்டிய உப்புமா ஒரு வாசனை அடிக்கும், உண்மைதான். ஆனால் பல பிள்ளைகளுக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் சாப்பாடு. ஒரே வாரத்தில் வாசலைக் காலி செய்தேன். மன்னார் கடைசியாகப் போகும்போது பெடலில் கால் வைத்தபடி, "நாங்க போறோம்மா. காலி எடம் சும்மா கெடக்காது, பாத்துக்குங்க" என்றார். கோபத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

பலன் உடனே தெரிந்தது. தட்டுகள் காலியாக வந்தன. ஒரு பருக்கை மிச்சமில்லை. சமையல்காரர் தனபாக்கியம் முதல் நாள் சந்தோஷப்பட்டார். இரண்டாம் வாரம் என்னை அடுப்புக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. தட்டு ரொம்ப சுத்தமா வருது."

"நல்லதுதானே?"

"என்னா நல்லது? பசங்க துன்னா தட்டுல விரல் தடம் இருக்கும், ஓரத்துல ஒட்டியிருக்கும், சட்டையில சிந்தியிருக்கும். இது வழிச்சு எடுத்த மாதிரி இருக்குது. அப்பறம் இந்தச் சத்தத்தக் கேளுங்க."

"என்ன சத்தம்? ஒண்ணும் கேக்கலையே."

"அதான் சொல்றேன். சோத்து நேரத்துல பள்ளிக்கூடத்துல சத்தமே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உச்சி வெயில். பள்ளி முழுக்கப் பிள்ளைகள். ஆனால் கத்தல் இல்லை, சண்டை இல்லை, "டீச்சர் இவன் கிள்றான்" இல்லை. நான் கூடத்துக்குள் போனேன். பாதிப் பேர் இடத்தில் இல்லை. உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் காலித் தட்டு. எல்லோர் தாடையும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. காதை நீட்டிக் கேட்டால் ஒரு சத்தம் இருந்தது, கண்ணாடித் தூளை யாரோ தூரத்தில் அம்மியில் வைத்து அரைப்பது போல. நற, நற, நற. என்னைப் பார்த்ததும் அத்தனை தாடையும் ஒரே சமயத்தில் நின்றது.

"என்ன சாப்பிடறீங்க?"

உதடுகளின் ஓரம் வெள்ளையாக இருந்தது. சமையலறைப் பால் பவுடரைத் திருடித் தின்கிறார்கள் என்று நினைத்து டப்பாவைப் போய்ப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடி, மேலே தூசி படிந்தபடி இருந்தது.

மூன்றாம் வகுப்பில் கோகிலா என்று ஒரு பெண் இருந்தாள். முழங்கால் மட்டும் பெரிதாக இருக்கும் குழந்தை. அவள் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். பயிற்சியில் சொல்லித்தந்தது அது. உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். அங்கே காகிதம் போல இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கும் அப்படி. அதற்கு அடுத்தவளுக்கும். தினம் முழுத் தட்டு சாப்பிடும் பிள்ளைகள், நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கூடத்தில் நின்றபோது ரோட்டோரத்துப் பலகைகளில் இருந்த பொம்மை வரிசைதான் என் நினைவுக்கு வந்தது.

தலைமையாசிரியரிடம் போனேன். அவர் காலித் தட்டுகளைக் காட்டி மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கியிருந்தார். "வெயில் காலம்மா, பிள்ளைங்க சோர்ந்துதான் இருக்கும்" என்றார்.

மேரி அம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். மறுநாளே பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சுத்திப் பாத்தீங்களா?" என்றார்.

"வாசல்ல ஒருத்தரும் இல்லீங்கம்மா. நானே காலி பண்ணிட்டேன்."

"வாசல நான் கேக்கல. பள்ளிக்கூடத்துக்கு மூஞ்சி முன்னாடி இருக்குது. வயிறு பின்னாடி."

குடையை ஊன்றிக்கொண்டு சுற்றுச்சுவரின் வெளிப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் போனேன். சுவரின் பின்புறம் ஷெட்டுகளின் கழிவைக் கொட்டும் இடம். உடைந்த பியூஸ் கட்டைகள், கோணலான கப்புகள், கை போன பொம்மைகள் எல்லாம் மேடாகக் கிடக்கும். அங்கே யாரும் போவதில்லை. சுவரில் ஓர் ஓட்டை இருந்தது, ஒரு தட்டு போகும் அளவுக்கு. ஓட்டையைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளைக் கைத்தடங்கள்.

மேரி அம்மா நின்றுவிட்டார். குடையின் நுனியால் சுவரைக் காட்டினார்.

பழைய செங்கல் சுவர். செங்கல்களுக்கு நடுவில் சுண்ணாம்பு உதிர்ந்து குழி குழியாக இருந்தது. அந்தக் குழி ஒவ்வொன்றிலும் கட்டை விரல் அளவில் ஒரு வெள்ளைப் பொம்மை. கை கூப்பிய பெண் பொம்மை. ஒன்றுக்கும் தலை இல்லை. சுவரின் நீளத்துக்கும், கைக்கு எட்டும் உயரம் வரைக்கும், தலையில்லாமல் கும்பிட்டுக்கொண்டு நின்றன. நான் ஒன்றை எடுத்தேன். கழுத்தில் பல் தடம் இருந்தது. பால் பல்.

"இன்னிக்குத் தலை. மிச்சம் நாளைக்கு," என்றார் மேரி அம்மா, மிகத் தாழ்ந்த குரலில். "பள்ளிக்கூடம் விட்டுப் போறப்ப வந்து வெச்சிட்டுப் போயிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு குழி. அடுத்தவங்க குழிய யாரும் தொடல பாருங்க."

ஒரு குழியில் மட்டும் பொம்மை இல்லை. அதைச் சுற்றி இருந்த செங்கல்லே சுரண்டப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டின கோடுகள்.

உள்ளே மணி அடித்தது. கழிவு மேட்டின் நிழலில் ஏதோ அசைந்தது. ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வந்ததிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறாள். முகம், கை, புடவை எல்லாம் வெள்ளைத் தூசி. உடைசல்களோடு உடைசலாக இருந்ததால் கண்ணில் படவில்லை. முன்னால் ஒரு கோணி, அதன் மேல் பொம்மைகள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். அவள் எங்களைப் பார்த்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. சொம்பில் கையை விட்டுப் பொம்மைகளின் மேல் தண்ணீரைத் தெளித்தாள்.

அந்த வாசனை வந்தது.

உமித் தீயில் அரைகுறையாக வாட்டின களிமண்ணில் தண்ணீர் பட்ட வாசனை. கோடையில் முதல் தூறல் விழுந்ததும் வருமே, அது. ஆனால் பத்து மடங்கு. கூவி விற்பவர்களை எனக்குத் தெரியும், மணி அடித்து விற்பவர்களைத் தெரியும். இவள் வாயே திறக்கவில்லை. வாசனை சுவரைத் தாண்டிப் போனது. என் நாக்குக்கு அடியில் தண்ணீர் ஊறியது. திரும்பிப் பார்த்தேன். மேரி அம்மாவின் கையில் அந்தத் தலையில்லாப் பொம்மை இருந்தது, கை மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. பாதியில் அவரே நிறுத்தி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். முகம் வியர்த்திருந்தது.

ஓட்டையில் முதல் தட்டு வந்தது, நிறைய உப்புமாவோடு. அவள் உப்புமாவைப் பானையில் வழித்துக்கொண்டு, தட்டில் ஒரு பொம்மையை வைத்துத் திருப்பி அனுப்பினாள். அடுத்த தட்டு. அடுத்த தட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

"யாரும்மா நீ?" என்று நான் கத்திவிட்டேன். தட்டுகள் நின்றன. அந்தப் பக்கம் ஓடும் காலடிச் சத்தம்.

"அஞ்சலைங்க," என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது, அதுவே என்னவோ போல இருந்தது. "பொம்மை அச்சு ஷெட்டுல வேல பாத்தேன். ஷெட்ட மூடிட்டாங்க."

"இங்க தின்பண்டம் விக்கக் கூடாதுன்னு தெரியாது?"

"தின்பண்டமா? பொம்மைங்க. மண்ண யாருனா தின்பண்டம்னு சொல்லுவாங்களா? ஐஸுக்காரு, வடைக்காரு அல்லாரையும் நீங்க வெரட்டுனப்ப நான் இங்கதான் இருந்தேன். என்னிய ஒண்ணும் சொல்லலியே நீங்க."

"இந்த உப்புமா எதுக்கு உனக்கு?"

"சின்னதுங்க ரெண்டு இருக்குதுங்க வூட்டுல. பக்கத்து வூடுகள்லயும் இருக்குதுங்க. பள்ளிக்கூடத்து வயசு வராததுங்க. அதுங்களுக்கு யாரு சோறு போடறாங்க?" சொம்பைத் தள்ளி வைத்தாள். "பெரிசு உள்ளதான் படிக்குது. கோகிலான்னு. மொதல்ல அது சோத்த மட்டுந்தான் தம்பிங்களுக்காக நீட்டிக்கினு இருந்துச்சு. பசிக்குதுன்னு சுவரச் சொரண்டித் துன்னுச்சு. அதப் பாத்துட்டுத்தான் பொம்மையச் சுட்டுக் குடுத்தேன். சுவரத் துன்றதுக்கு இது சுத்தமான மண்ணாச்சே. அப்பறம் மத்ததுங்களும் கேட்டுதுங்க."

மேரி அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் போய்க் காது கொடுத்தேன். சுற்றறிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு சொல்லாக.

அதே நேரத்தில் உள்ளே கூச்சல் கேட்டது. கூடத்தின் நடுவில் கோகிலா விழுந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வயிற்றில் கை வைத்தேன். குழந்தை வயிறு போல இல்லை. காய்ந்த சுவரில் கை வைத்தது போல இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் குதிரை வண்டியில் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் எனிமா கொடுத்து, மருந்து கொடுத்து, வெளியே வந்து, "மண் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிடும். ஆனா உடம்புல ரத்தம் இல்ல. வாய் வழியாச் சோறு எறங்கணும். எறங்கலைன்னா பொழைக்காதுங்க" என்றார். நாங்கள் கஞ்சி கொடுத்தோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஸ்பூனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். மறுநாள் காலையிலும் அப்படியே.

அன்று மதியம் பள்ளியில் விசாரணை. ஒன்றிய ஆணையர் ஜீப்பில் வந்திருந்தார். தலைமையாசிரியர் முந்திக்கொண்டார்.

"சார், இது தெளிவான கேஸு. பிள்ளைங்க உணவை வெளிய குடுத்திருக்காங்க. விதிப்படி பேரை எடுத்துடுவோம். அந்த அம்மா வித்தது பொம்மை. பொம்மை தின்பண்டம் கெடையாது. பள்ளிக்கூடத்து மேல எந்தத் தப்பும் இல்ல."

ஆணையர் தலையாட்டினார். அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எழுதினால் பாதிப் பள்ளிக்கு மேல் பெயர் போகும், முதல் பெயர் கோகிலாவுடையது. பிழைத்து வந்தாலும் அவள் தட்டு இருக்காது.

"சார், தின்பண்டம்ங்கற அந்தச் சொல்லு..." என்று நான் ஆரம்பித்தேன். மேரி அம்மா குடையால் என் காலைத் தொட்டு நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்கு விடாமல் தலைமையாசிரியர் பள்ளியிலேயே உட்கார வைத்திருந்த அஞ்சலையைப் பார்த்து, "நீங்க வித்தது என்னாங்க?" என்று கேட்டார்.

அஞ்சலை எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பொம்மை என்று சொன்னால் அவளை யாரும் தொட முடியாது. அவளுக்கு அது தெரியும். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

மேசை மேல் சாட்சிக்கு வைத்திருந்த பொம்மைகளில் ஒன்றை மேரி அம்மா எடுத்தார். ஆணையருக்கு முன்னால் இருந்த டம்ளரில் விரலை நனைத்து, பொம்மையின் தலையில் இரண்டு சொட்டு விட்டார். வாசனை மெல்ல அறையில் பரவியது. ஆணையரின் மூக்கு விடைத்ததை நான் பார்த்தேன். தலைமையாசிரியர் எச்சில் விழுங்கினார். ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.

மேரி அம்மா பொம்மையின் தலையைக் கடித்தார்.

நற நறவென்று மென்றார். அவசரமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, கடைசித் தட்டின் உப்புமாவை ருசி பார்ப்பது போலவே மென்று விழுங்கினார். கண்ணைத் திறந்து, "நல்லா இருக்குது" என்றார். அது நடிப்பில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அதனால்தான். "தின்பண்டந்தான் சார். வேணும்னா நீங்களும் பாருங்க" என்று மிச்ச உடலை அவரிடம் நீட்டினார்.

ஆணையர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"துன்றதுக்குத்தான் வித்தேன்," என்று அஞ்சலை சொன்னாள். சத்தமாக. "பசங்கள நாந்தான் ஆச காட்டினேன். எம் மேல எழுதிக்குங்க."

அப்படியே எழுதினார்கள். தின்பண்டம் விற்றவள், ஆசை காட்டி உணவை வாங்கியவள். சரக்கைப் பறிமுதல் செய்து எச்சரித்து விரட்டினார்கள். பள்ளி எல்லைக்குள் இனி அவள் வரக் கூடாது. ஒரு பிள்ளையின் பெயரும் போகவில்லை. சுவர் ஓட்டையை அன்றே அடைத்தார்கள். குழிகளில் இருந்த பொம்மைகளை நானும் தனபாக்கியமும் பொறுக்கிக் கூடையில் போட்டோம். தனபாக்கியம் ஒவ்வொன்றுக்கும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், என்னவென்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த அந்தப் பொம்மை அச்சு ஷெட்டிலேயே சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பால்வாடி ஆரம்பிக்க அனுமதி வாங்கினோம். மேரி அம்மா விடாமல் நடந்து வாங்கியது அது. மன்னாரைப் பள்ளி விட்டபிறகு வந்து விற்றுக்கொள் என்று நானே சொன்னேன். "கெணத்துத் தண்ணி ஊத்தறேன்மா" என்றார்.

இதெல்லாம் பிறகு. விசாரணை முடிந்த அந்தச் சாயங்காலம் நாங்கள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அஞ்சலை ஜீப்புக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

கோகிலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வார்டு சுவரில் சுண்ணாம்பு புதிது. அவள் கை எட்டாமல் இருக்க நர்ஸு கட்டிலை இழுத்து நடுவில் போட்டிருந்தார். குழைந்த சோறும் ரசமும் கிண்ணத்தில் ஆறிக்கிடந்தது. நான் ஊட்டப் பார்த்தேன். பல் திறக்கவில்லை. நர்ஸு மூக்கைப் பிடித்துப் பார்த்தார். சோறு வழிந்து தலையணையில் விழுந்தது. குழந்தையின் மூச்சு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

"நான் குடுக்கட்டுங்களா?" என்றாள் அஞ்சலை.

"கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வாம்மா. எப்படி இருக்குது பாரு கை" என்றார் நர்ஸு.

அஞ்சலை வராந்தாக் குழாயில் கழுவினாள். கழுவிக் கழுவி வந்து காட்டினாள். விரல் ரேகை எல்லாம் இன்னும் வெள்ளையாக இருந்தது. வருஷக் கணக்கில் அச்சில் மண் பிசைந்த கை. நர்ஸு மறுபடி போகச் சொன்னார். அஞ்சலை மறுபடி திரும்பினாள்.

"போதும்," என்றார் மேரி அம்மா. குரல் வரவில்லை, உதடு மட்டும்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அஞ்சலை ஈரக் கையோடு சோற்றைப் பிசைந்தாள். ஒரு சின்ன உருண்டை உருட்டி, குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வாயில் வைக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். ஈரம் பட்ட கையிலிருந்து லேசாக, மிக லேசாக, அந்த வாசனை வந்தது. கோகிலாவின் மூக்கு அசைந்தது. முகம் மெல்லத் திரும்பியது. கண் திறக்கவில்லை, பல் திறந்தது.

ஒரு வாய் இறங்கியது. அப்புறம் இன்னொன்று. நான்காவது உருண்டையை அவள் மெல்லும்போது அந்த அமைதியில் எங்களுக்குக் கேட்டது. நற.

அஞ்சலையின் கை நின்றது. அவள் நகக்கண்ணைப் பார்த்தேன், அதில் இன்னும் வெள்ளை மண் ஒட்டியிருந்தது. நர்ஸு என்னைப் பார்த்தார். நான் மேரி அம்மாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"ஊட்டும்மா," என்றேன். "கிண்ணத்துல இன்னும் இருக்குது."

கோகிலா கிண்ணம் முழுவதையும் சாப்பிட்டாள்.